எச்சம்

கடல் உறையும் தூர்க்கு நகரில்
மூன்றாம் மாடியில் ஓர் அறை.
சன்னலின் வெளிவிளிம்பில் கடற்காகத்தின் எச்சம்.
உள்ளே, திரையில், ரைலி ஹாபசாரியின் எச்சம்:
சமன்பாடு எல்லாம் சொல்லி முடித்தபின்
சொல்லுக்குள் வராமல் நின்றுவிட்ட புள்ளிகள்,
பூஜ்யக் கோட்டுக்கு மேலும் கீழுமாய்,
வரிசையில் நிற்கத் தெரியாத பிள்ளைகள்.

முப்பத்தொரு வயதில் அவள் ஓர் எண்ணைக் கண்டுபிடித்தாள்.
பூஜ்யம் புள்ளி நான்கு இரண்டு.
வட்டி ஒரு விழுக்காடு ஏறினால்
நாட்டின் உற்பத்தி எவ்வளவு இறங்கும் என்பது,
மற்றவை மாறாதிருந்தால்.
மற்றவை அப்படி இருக்கவில்லை.
கிழக்கே ஒரு பேரரசு சரிந்துகொண்டிருந்தது;
வாங்க ஆளில்லாமல் ரப்பர் காலணிகள்
கிடங்கில் ஜோடி ஜோடியாய்க் கிடந்தன.
அதற்கெல்லாம் சேர்த்து ஒரு போலி மாறி வைத்தாள்,
ஒன்று அல்லது பூஜ்யம்.
பேரரசு இருக்கிறது. இல்லை.

முதல் நடுவர் பாராட்டினார்.
இரண்டாமவர் இருபத்திரண்டு கேள்வி கேட்டார்;
அவற்றில் ஒன்பது, தன் கட்டுரைகளை
ஏன் மேற்கோள் காட்டவில்லை என்பது.
நான்கு ஆண்டுகள் போயின.
இடையே ஒரு மணமுறிவு,
ஓர் அடிக்குறிப்பின் நீளத்தில்.
அச்சேறியபின் எண் அவளை விட்டுவிட்டுப் பயணம் போயிற்று:
பாசல், லிஸ்பன், ஓர் அமைச்சரின் சட்டைப்பை.
மாநாட்டு விருந்துகளில் அவளை
நாற்பத்திரண்டு என்றே கூப்பிட்டார்கள்.
சிரித்தாள். பேராசிரியர் ஆனாள்.
அந்த எண் ஈட்டித் தந்த வாடகையில் வாழ்ந்தாள்
என்றாலும் தப்பில்லை.

இருபத்தாறு ஆண்டு கழித்து, ஒரு நவம்பரில்,
புள்ளியியல் அலுவலகத்து ஒஸ்ஸி பெல்த்தரி
மன்னிப்புக் கேட்பவன் நடையில் எழுதினான்:
பழைய காலாண்டுக் கணக்கைத் திருத்துகிறோம்.
ஒரு கப்பல் கட்டும் தளம்
ஒரே கப்பலை இரண்டு தடவை எண்ணியிருக்கிறது.
இல்லாத அந்த இரண்டாம் கப்பல்
அடுத்த காலாண்டில் காணாமல் போயிருக்கிறது.
அதைத்தான் தாங்கள் வீழ்ச்சி என்று...
வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை.

அன்றிரவே மறுபடி கணக்கை ஓட்டினாள்.
காப்பி ஆறுவதற்குள் விடை.
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஏழு;
திட்டப்பிழை அதைவிடப் பெரிது.
முதலில் நிரலைச் சந்தேகித்தாள், பிறகு ஒஸ்ஸியை,
விடியல் மூன்று மணிக்குத்தான் தன்னை.

என் முடிவு நிற்கவில்லை என்று
நான்கு பக்கத்தில் தானே எழுதி அனுப்பினாள்.
அதே இதழ் பதில் போட்டது:
கவனமான வேலை. ஆனால் புதுமை போதாது.

கருத்தரங்கில் பதினோரு பேர், இருவர் பிஸ்கட்டுக்காக.
ஓர் இளைஞன் கேட்டான்:
அந்த எண்ணை நம்பி வட்டியைக் குறைத்தவர்கள்?
எப்படியும் குறைத்திருப்பார்கள், என்றாள்.
சொன்ன பிறகுதான் உறைத்தது,
அதற்கும் தன்னிடம் தரவு இல்லை.

வீட்டு லிஃப்டில் நான்காம் மாடி ஆர்மாஸ் கீஸ்கி.
அந்தத் தளத்தில் பற்றவைப்புக்காரராய் இருந்தவர்.
பதினெட்டு ஆண்டுகளாய் அவரிடம்
பனியைப் பற்றி மட்டும் பேசியிருக்கிறாள்.
அந்த ஆண்டு எப்படி இருந்தது, என்று கேட்டாள்.
எங்களை வீட்டுக்கு அனுப்பிய ஆண்டா?
யோசித்தார். இரண்டாம் மாடி கடந்தது, மூன்றாவதும்.
நாய் ஆறு குட்டி போட்டது, என்றார்.
ஒன்றைக்கூடக் கொடுக்க மனம் வரவில்லை.
தீனிக்குப் படகை விற்றோம்.
இறங்கும்போது தொப்பியைத் தொட்டுக்கொண்டார்.

கப்பல் ஒன்று. குட்டிகள் ஆறு.
தன் மாடியில் கதவு திறந்து, மூடி,
மறுபடி திறந்தது.
படகு என்ன விலைக்குப் போயிற்று என்று
கேட்க மறந்திருந்தாள்.